புத்தகம், மைதானம், விடுதி: வன்னிப் பிள்ளை கல்லூரி தேடிய கதை

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் வன்னியில் வீட்டுக்கு வீடு எழுவது ஒரே கேள்விதான். பிள்ளையை உயர்தரத்துக்கு எங்கே விடுவது? ஊர்ப் பாடசாலையிலேயே தொடர்வதா, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ அனுப்புவதா, அல்லது ஏ-9 வீதியால் வடக்கே பஸ் ஏற்றி யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரியொன்றில் சேர்த்துவிடுவதா?

கல்லூரித் தெரிவு பற்றி மேலைநாட்டுப் பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை எளிமையானது. படிப்பு, விளையாட்டு, நல்ல நட்பு ஆகிய மூன்றும் சமநிலையில் அமைந்த இடத்தைப் பாருங்கள் என்பார்கள். குறை சொல்ல முடியாத அறிவுரைதான். ஆனால் மூன்றும் ஒரே வளவுக்குள் இருந்தால்தானே அவற்றைத் தராசில் இட்டுப் பார்க்கலாம்? வன்னியின் கல்வி வரலாற்றில் இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியிருந்த காலம் மிகக் குறுகியது. அவை எவ்வாறு கூடின, எவ்வாறு பிரிந்தன என்று அறிந்தவர்களே இன்றைய தெரிவைத் தெளிவோடு செய்ய முடியும்.

'பெரிய கல்லூரி' என்ற எண்ணம் நமக்கு வந்ததே மிஷனரிமார் வழியாகத்தான். 1816இல் வெஸ்லியன் மிஷன் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பாடசாலை பின்னாளில் மத்திய கல்லூரி ஆயிற்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். மறுஆண்டு உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டுவிட்டது. எனினும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவருமே அந்த வளவில் படித்தவர்கள். மாணவரை வீட்டிலிருந்து பிரித்து, உணவும் உறையுளும் கொடுத்து, ஆசிரியரோடு ஒரே வளவில் வாழச் செய்தமை அங்கு நடந்த கல்வியின் அடித்தளமாக இருந்தது. மதமாற்ற நோக்கம் அதில் கலந்திருந்தது உண்மை. ஆனால் அந்த விடுதி முறையைப் பின்னர் சைவப் பெரியோர் நிறுவிய கல்லூரிகளும் ஏற்றுக்கொண்டன.

மைதானம் சற்றுப் பிந்தி வந்தது. இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிகளைப் பார்த்து இல்லப் பிரிவுகள், மாணவத் தலைவர்கள், துடுப்பாட்டம், இலக்கிய மன்றம் என்பன இங்கும் வேரூன்றின. 1904இல் யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதிய துடுப்பாட்டம் இன்று 'வடக்கின் சமர்' எனப்படுகின்றது. யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பரி. பத்திரிசியார் கல்லூரிக்கும் இடையிலான 'பொன் அணிகளின் சமர்' 1917இல் தொடங்கியது. இந்தச் சமர்களை வெறும் பந்தடிப்பு என்று எண்ணுவோர் அவற்றின் சமூகப் பொருளை அறியாதவர்கள். பழைய மாணவர் சங்கம், உத்தியோகத் தொடர்பு, ஆயுட்கால நட்பு யாவும் அந்த எல்லைக்கோட்டைச் சுற்றியே வளர்ந்தன.

புத்தகமும் மைதானமும் பகையல்ல என்பதற்கு ஒரு பெயரே போதும். யாழ். மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்ந்தார். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். அதே மனிதர் கலிபோர்னியாவில் பட்டம் பெற்று, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் முடித்தார். மைதானத்துக்குப் போனால் படிப்புக் கெடும் என்று பிள்ளையை மறிக்கும் பெற்றோர் இந்த வரலாற்றை ஒருமுறை வாசிப்பது நல்லது.

இவையெல்லாம் குடாநாட்டுக் கதை. அக்காலத்தில் வன்னியில் குளமும் காடும் மலேரியாவும் இருந்தன; கல்லூரி இருக்கவில்லை. இரணைமடுக் குளம் 1920 அளவில் கட்டிமுடிக்கப்பட்ட பின்னரே கிளிநொச்சியில் குடியேற்றங்கள் பெருகின. காணி பெற்று வந்த குடும்பங்கள் நெல் விதைத்தன. பிள்ளைகளை மட்டும் ஊரில் பேரன் பேர்த்தியாரிடம் விட்டு யாழ்ப்பாணத்தில் படிக்கவைத்தன. வயல் வன்னியில், பாடசாலை யாழ்ப்பாணத்தில் என்ற இந்தப் பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது.

இதை மாற்றக்கூடிய சிந்தனை தென்னிலங்கையிலிருந்து வந்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அம்பலாங்கொடையில் படித்துக்கொண்டிருந்தபோது கிடைத்த புலமைப்பரிசில் அவரைக் காலி றிச்மண்ட் கல்லூரிக்குக் கொண்டு சென்றது. அங்கே கணிதத்தில் சிறந்து விளங்கிய அவர், 1903இல் துடுப்பாட்ட அணிக்கும் தலைமை தாங்கினார். ஒரு நல்ல கல்லூரி என்ன செய்யும் என்பதைத் தன் வாழ்விலேயே கண்டவர். 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் அவர் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை வெளியிட்டது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனோடு கிராமப்புறங்களில் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன.

இலவசக் கல்வியைப் போற்றுவோர் மத்திய பாடசாலைத் திட்டத்தின் நுட்பத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். நகரக் கல்லூரியிலுள்ள ஆய்வுகூடம், விளையாட்டு மைதானம், விடுதி ஆகிய மூன்றையும் கிராமத்துக்கே கொண்டு செல்வது என்பதுதான் அந்தத் திட்டம். தரம் ஐந்துப் புலமைப்பரிசிலில் தேறிய ஏழைப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிக்கலாம். 'மத்திய' என்ற அந்தப் பெயரைக் காலப்போக்கில் வன்னியின் பாடசாலைகளும் தாங்கின. வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம், கிளிநொச்சி மத்திய மகா வித்தியாலயம், புதுக்குடியிருப்பு மத்திய கல்லூரி என்பன இன்றும் அந்தக் கனவைப் பெயரில் சுமந்து நிற்கின்றன. முள்ளியவளையில் வித்தியானந்தாக் கல்லூரி முல்லைத்தீவுப் பிரதேசத்தின் கல்விக்கு முதுகெலும்பாயிற்று. வவுனியாவில் இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயமும் சைவப்பிரகாச மகளிர் கல்லூரியும் பெண்களின் கல்விக்கு வழி திறந்தன.

1970களில் பல்கலைக்கழக அனுமதி அரசியலாயிற்று. மொழிவாரித் தரப்படுத்தலைத் தொடர்ந்து 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது பேரிடி. நமது அரசியல் வரலாற்றை அந்த இடி எங்கு கொண்டுசென்றது என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனால் அதே ஒதுக்கீடு வவுனியா மாவட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு மருத்துவ, பொறியியற் பீடங்களின் கதவைத் திறந்தது என்பதும் மறைக்கக்கூடாத உண்மை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே ஆய்வுகூடமற்ற குடியேற்றக் கிராமத்துப் பிள்ளை, யாழ். இந்துக் கல்லூரி மாணவனோடு ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிட்டது. வன்னிக்குள்ளேயே ஒரு குளத்தின் இந்தக் கரைக்கு ஒரு நீதி, அந்தக் கரைக்கு இன்னொரு நீதி.

பின்னர் யுத்தம் வந்தது. பாடசாலை வாழ்வில் அது முதலில் பறித்தது மைதானத்தையும் விடுதியையும்தான். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது அவர்களில் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தனர். வகுப்பறைகள் மரநிழலுக்கு மாறின. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. 2002 சமாதான காலத்தில் ஏ-9 திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்ட்டில் மீண்டும் மூடப்பட்டது. அதே மாதம் 14ஆம் திகதி வள்ளிபுனத்தில், செஞ்சோலை வளாகத்தில் வதிவிடப் பயிற்சிக்கெனக் கூடியிருந்த உயர்தர மாணவிகள் பலர் விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டுகளில் கட்டாய ஆட்சேர்ப்பும் எறிகணையும் பிள்ளைகளை இருபுறமும் துரத்தின. படிப்பா, விளையாட்டா, நட்பா என்று எவரும் அப்போது கேட்கவில்லை. பிள்ளை மாலையில் வீடு திரும்புமா என்பதே கேள்வி.

2009இல் வவுனியா நகரின் பல பாடசாலைகள் அகதி முகாம்களாயின. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் தறப்பாள் கூடாரங்களுக்குள் பிள்ளைகள் படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள். பம்பைமடுவில் பல்கலைக்கழக மாணவருக்கெனக் கட்டப்பட்ட விடுதிக் கட்டடங்கள், சரணடைந்த போராளிப் பெண்களைத் தடுத்துவைக்கும் இடமாயின. படிக்க வருவோர் தங்கவேண்டிய அறைகளில், படிப்பை இழந்தவர்கள் அடைக்கப்பட்டனர்.

அதன் பின் நடந்தவற்றில் மகிழத்தக்கவையும் உண்டு. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகிய நிறுவனம், 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. அருகிலேயே 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் உயர்கல்விக்காகக் கிளிநொச்சிக்கு வரும் காலத்தை நமது தந்தையர் கற்பனை செய்திருக்கமாட்டார்கள்.

ஆனால் பாடசாலை மட்டத்தில் பழைய பிரிவினை தொடர்கின்றது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளையை அங்கே அனுப்புகின்றன. கல்லூரியின் பெயர் கிடைக்கின்றது. பிரபல ரியூட்டரியும் கிடைக்கின்றது. ஆனால் வாடகை அறையில் தங்கி, பாடசாலை விட்டதும் ரியூசனுக்கு ஓடும் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியின் மைதானமோ இலக்கிய மன்றமோ கிடைப்பதில்லை. நூறாண்டு மரபுள்ள கல்லூரியில் சேர்ந்தும் அதன் மரபில் பங்கில்லாமலே அது வெளியேறுகின்றது.

பெற்றோர் பலர் கவனிக்காத இன்னொரு கணக்கும் இருக்கின்றது. இன்றைய பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும். யாழ்ப்பாணமும் அடங்கும். ஒரு பரீட்சார்த்தியின் மாவட்டம் எதுவென்பது, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகள் அவர் படித்த பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. முல்லைத்தீவுப் பிள்ளை அந்த ஆண்டுகளை யாழ்ப்பாணத்தில் கழித்தால், யாழ்ப்பாண மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியோடுதான் போட்டியிட வேண்டும். தன் மண்ணின் குறைபாடுகளை ஈடுசெய்யத் தரப்பட்ட சலுகையை அது பெயருக்காக விற்றுவிடுகின்றது.

அதற்காக எல்லோரும் ஊரிலேயே இருங்கள் என்று உபதேசிப்பது நேர்மையாகாது. 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்று 2016இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. கட்டடங்கள் வந்தன. ஆனால் வன்னிப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் பயணம் செய்பவர்கள். ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் அவர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. தங்குவதற்குத் தரமான ஆசிரியர் விடுதி இல்லை. விளைவு என்னவெனில், மாலை நான்கு மணிக்குப் பாடசாலை மைதானத்தில் மாடு மேய்கின்றது. அதே வேளை பக்கத்துக் காணியில் ஊர் விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் ஆடுகின்றார்கள். வன்னியில் விளையாட்டு உயிரோடுதான் இருக்கின்றது. பாடசாலையோடு அதற்கிருந்த உறவுதான் அறுந்துவிட்டது.

ஆகவே பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு மூன்று 'ஏ' என்பதோடு நின்றுவிடாதீர்கள். இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா? ஆய்வுகூடம் பூட்டியிருக்கின்றதா, பிள்ளைகள் கைவைக்கும் இடமாக இருக்கின்றதா? மாலையில் மைதானம் திறந்திருக்குமா, யார் நிற்பார்? தமிழ்த்தினப் போட்டிக்கும் மெய்வல்லுநர் போட்டிக்கும் சாரணர் பாசறைக்கும் உயர்தர மாணவர் அனுப்பப்படுகின்றார்களா, படிப்பைச் சாட்டி மறிக்கப்படுகின்றார்களா? தூரத்துப் பிள்ளைக்குப் பொறுப்பான விடுதி உண்டா? அதிபரிடம் இவற்றைக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இக்கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்லும் பாடசாலை முள்ளியவளையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் அதுவே பெரிய கல்லூரி.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நுழைவாயில் வளைவுகளுக்கும் நினைவுமண்டபங்களுக்கும் பணம் அனுப்புவதில் தவறில்லை. ஆனால் வன்னிப் பாடசாலை ஒன்றில் நாற்பது பிள்ளைகள் தங்கும் விடுதியும், வெளியூர் ஆசிரியர் நால்வர் தங்க ஒரு வீடும் அமைந்தால், மாலை நான்கு மணியின் நிலை தானாகவே மாறும். மத்திய பாடசாலைகளை எழுப்பியபோது கன்னங்கரா செய்ததும் இதைத்தான். முதலில் தங்குமிடம், அதன் பின்னர் ஏனையவை.