பறந்தாச்சு, அப்புறம்?

1937, ஏப்ரல் 25. பாரிஸுக்குப் பக்கத்தில் வின்சென்.

விமான சாகசக் காட்சி. திருவிழாக் கூட்டம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே போய்க்கொண்டிருந்த விமானத்திலிருந்து குதிக்கப் போகிற ஆசாமியின் பெயர் க்ளெம் சோன். அமெரிக்கர். மிச்சிகன் மாகாணத்து லான்சிங் ஊர்க்காரர். வயது 26.

வெறுமனே குதிப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பாராசூட் கட்டிக்கொண்டு குதிப்பவர்களை ஐரோப்பா ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டது. சோன் விஷயம் வேறு. கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி. இரண்டு கால்களுக்கு நடுவே இன்னொரு துணி. துணி தொய்ந்துவிடாமல் இருக்க உலோகக் குழாய்கள். கையை விரித்தால் அசல் வௌவால். 1935லிருந்தே இந்த இறக்கையோடுதான் குதித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் குதித்தார். இறக்கையை விரித்தார். பறந்தார். கூட்டம் கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை. தரை நெருங்கியது. போதும், இறங்கலாம் என்று பாராசூட்டை இழுத்தார். வெளியே வந்தது. ஆனால் விரியவில்லை. சிக்கிக்கொண்டது. இரண்டாவது பாராசூட்டை இழுத்தார். அதுவும் சிக்கிக்கொண்டது.

அவ்வளவுதான். அத்தனை பேர் கண் எதிரிலேயே கதை முடிந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோனின் இறக்கையில் அன்று எந்தக் கோளாறும் இல்லை. பறப்பதில் அவர் கெட்டிக்காரர். அவரைக் கொன்றது பறப்பது அல்ல. பறப்பதை நிறுத்துகிற அந்தச் சில விநாடிகள்.

மனிதன் இறக்கை கட்டிப் பறந்த சரித்திரம் முழுக்கவே இந்தச் சில விநாடிகளின் சரித்திரம்தான்.

சோனுக்கு 25 வருஷம் முன்னால் பாரிஸில் ஒரு தையல்காரர் இருந்தார். ஃப்ரான்ஸ் ரைஷெல்ட். பொஹீமியாவில் பிறந்து பாரிஸில் கடை போட்டவர். விமானம் ஓட்டுகிறவர்கள் உடுப்பு மாதிரியே மாட்டிக்கொள்ளலாம், ஆபத்து என்றால் விரித்துக்கொண்டு இறங்கலாம் என்று ஒரு பாராசூட் அங்கி தைத்தார். உருவ பொம்மைக்குப் போட்டுத் தள்ளிப் பார்த்ததில் சரியாக வரவில்லை. உயரம் போதவில்லை, அதனால்தான் என்று முடிவு கட்டினார். உயரம் வேண்டுமென்றால் பாரிஸில் எங்கே போவது? ஈஃபில் கோபுரம்.

1912, பிப்ரவரி 4. பொம்மையைத் தள்ளிவிடப் போகிறார் என்று நம்பித்தான் போலீஸ் அனுமதி கொடுத்திருந்தது. வந்து சேர்ந்த பிறகு, நானே குதிக்கிறேன் என்றார். நண்பர்கள் கெஞ்சினார்கள். கேட்கவில்லை. முதல் தளம், 57 மீட்டர் உயரம். கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றவர் கொஞ்ச நேரம் தயங்குவது தெரிகிறது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? கீழே சினிமா கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. குதித்தார். அங்கி விரியவில்லை. உடம்பைச் சுற்றிக்கொண்டது.

மூன்றாவது ஆள் இன்னும் முக்கியமானவர். லியோ வாலந்தன். பிரெஞ்சு ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். மேலேயிருந்து விழும்போது உடம்பு பம்பரமாகச் சுற்றாமல் இருக்க, கை கால்களை விரித்து, முதுகை வில்லாக வளைத்து விழ வேண்டும் என்று செய்து காட்டியவர்களில் முக்கியமானவர். அந்த நிலைக்கு அவர் பெயரையே வைத்துச் சொல்கிறார்கள். விழும் கலையில் வாத்தியார் என்றால் அவர்தான்.

வாத்தியாருக்கும் இறக்கை ஆசை வந்தது. முதலில் துணி இறக்கை. திருப்தி இல்லை. பிறகு மர இறக்கை.

1956, மே 21. இங்கிலாந்து, லிவர்பூல் நகரத்து ஸ்பீக் விமான நிலையம். விமானத்தைவிட்டு வெளியே வரும்போதே வாலந்தனின் இறக்கை விமானத்தில் இடித்து முறிந்தது. சுழல ஆரம்பித்தார். பாராசூட்டை இழுத்தார். அது விரியாமல் அவர்மீதே சுற்றிக்கொண்டது. மாற்றுப் பாராசூட்டுக்கும் அதே கதி. வயது 37.

மூன்று பேர், மூன்று ஊர், மூன்று விதமான துணி. முடிவு மட்டும் ஒன்று. விரிய வேண்டிய நேரத்தில் விரியவில்லை.

ஏன் இப்படி? உட்கார்ந்து யோசித்தால் காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. பாராசூட் ஒழுங்காக விரிய வேண்டுமானால், அது போகும் வழி காலியாக இருக்க வேண்டும். இறக்கை கட்டிய மனிதனிடம் வழி காலியாக இருப்பதில்லை. அவன் கட்டிக்கொண்ட இறக்கையே குறுக்கே நிற்கிறது. எது அவனைத் தூக்கிப் பிடிக்கிறதோ, அதுவே அவனைக் காப்பாற்ற வருவதை மறிக்கிறது.

பிறகு வெகுகாலம் இதை யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1990களில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் வந்தார். பாட்ரிக் த கயார்தோன். இவர் குழாய், மரம், கம்பி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். முழுக்கத் துணி. அதுவும் இரட்டைத் துணி. நடுவே காற்று புகுந்து உப்பிக்கொள்ளும். உப்பினால் அதுவே இறக்கை, காற்று இறங்கினால் வெறும் சட்டை. இன்றைய விங்சூட்டின் தாத்தா அதுதான். 1997ல் ஆல்ப்ஸ் மலையில், ஷாமோனி ஊருக்கு மேலே பிலாட்டஸ் போர்ட்டர் விமானத்திலிருந்து குதித்து, கூடவே பறந்து, மீண்டும் அதே விமானத்துக்குள் நுழைந்து காட்டினார்.

சரி, இவருக்காவது நல்லபடியாக முடிந்ததா?

1998, ஏப்ரல் 13. ஹவாய் தீவு. பாராசூட் பையில் தன் கையாலேயே ஒரு மாற்றம் செய்து தைத்திருந்தார். அந்த மாற்றத்தில் ஒரு பிழை. அன்றைக்குப் பாராசூட் விரிய வேண்டிய மாதிரி விரியவில்லை. வயது 38. உலகத்திலேயே இறக்கையைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதர், இறக்கையால் சாகவில்லை. பையில் போட்ட தையலால் செத்தார்.

மறு வருஷம், 1999ல் பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து பேர்ட்மேன் என்ற கம்பெனி ஆரம்பித்தார்கள். விங்சூட் கடைச்சரக்கானது. சும்மா சொல்லக்கூடாது, இவர்கள் உடுப்பை மட்டும் விற்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆட்களைத் தயார் செய்தார்கள். அதுவரை ஒவ்வொரு பறவை மனிதனும் தானே கண்டுபிடித்து, தானே அடிபட்டு, கற்றதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். இனிமேல் அடுத்தவனுக்குச் சொல்லிவிட்டுப் போகலாம்.

என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? பறப்பதைப் பற்றிக் கொஞ்சம். நிறுத்துவதைப் பற்றி நிறைய.

ஓடும் லாரிக்குப் பின்னால் காகிதமும் சருகும் போக்கிடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். விங்சூட் போட்டவன் முதுகுக்குப் பின்னாலும் அப்படித்தான். முன்பக்கம் காற்று அறைகிறது. முதுகுப் பக்கம் குழம்பிய, மந்தமான காற்று. பெரிய பாராசூட்டை வெளியே இழுக்க ஒரு குட்டிப் பாராசூட்டை முதலில் வீசுவார்கள். அது அந்த மந்தக் காற்றில் மாட்டிக்கொண்டால் இழுக்கத் தெம்பு இருக்காது. பை கோணலாக, சுழன்றுகொண்டே வெளியேறும். அதனால்தான் விங்சூட்காரர்கள் குட்டிப் பாராசூட்டைக் கொஞ்சம் பெரிதாக, நீளமான நாடாவில் கட்டுகிறார்கள். இழுக்கும்போது இறக்கையை மூடி, இரண்டு தோளையும் மட்டமாக வைக்கச் சொல்கிறார்கள்.

அப்படியும் தப்பினால் வருவதுதான் லைன் ட்விஸ்ட். பாராசூட் விரிந்துவிடும். ஆனால் தலைக்கு மேலே கயிறுகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கும். சின்ன வயதில் ஊஞ்சலில் உட்கார்ந்து, சங்கிலியை முறுக்கிவிட்டுக் காலை எடுத்திருக்கிறீர்கள் இல்லையா? அதேதான். ஊஞ்சல் தானாகத் திரும்பிச் சுற்றி முறுக்கவிழும். பழைய வட்டப் பாராசூட்டிலும் அநேகமாக அப்படித்தான்.

1964ல் டொமினா ஜால்பர்ட், காற்று நிரம்பும் அறைகள் வைத்த செவ்வகப் பாராசூட்டைக் கண்டுபிடித்தார். அது வெறும் குடை அல்ல. அதுவே ஓர் இறக்கை. முன்னோக்கிப் பறக்கும், திரும்பும். முறுக்கினால் கயிறுகள் ஒரு பக்கம் கூடுதலாக இழுபடலாம். இழுபட்டால் அந்தப் பக்கமே சுற்ற ஆரம்பிக்கும். சின்ன, வேகமான பாராசூட் என்றால் கேட்கவே வேண்டாம். ராட்டினம்தான். சுற்றச் சுற்ற முறுக்கும் விடாது, உயரமும் கரையும்.

இந்த நேரத்தில் விங்சூட்காரனுக்கு இன்னொரு தொல்லை. மேலே இருக்கும் பட்டைகளை இரண்டு கையாலும் பிடித்து அகட்டி, காலை உதைத்துச் சுழன்று முறுக்கை எடுக்க வேண்டும். அவன் கையோ இறக்கைக்குள் இருக்கிறது. காலோ இன்னொரு இறக்கைக்குள். ஆரம்பகால உடுப்புகளில் ஜிப்பைத் திறந்து கையை விடுவித்த பிறகுதான் பட்டையையே தொட முடியும். இப்போதைய உடுப்புகளில் கை எட்டும். இருந்தாலும் கால் கட்டுண்டதுதான்.

அதனால் பாடம் இப்படிப் போகிறது. முறுக்கு தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கயிற்றை அல்ல, உயரமானியை. கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால் உயரம்தான் கையிருப்பு. பாராசூட் இல்லாமல் விழுபவன் ஐந்தரை விநாடிக்கு ஆயிரம் அடி வீதம் செலவு செய்கிறான். முறுக்கில் சுற்றுபவனின் செலவு அதைவிடக் குறைவு. ஆனால் வரவு கிடையாது. பாராசூட் நேராகப் பறக்கிறதா, உயரம் இருக்கிறதா? நிதானமாக முறுக்கை எடு. முறுக்கு போகும்வரை பிரேக் கயிற்றைத் தொடாதே. சுற்றுகிறதா, அல்லது உயரம் தீர்கிறதா? பேசாமல் கழற்றி விடு. மாற்றுப் பாராசூட்டை இழு. அமெரிக்கச் சங்கத்துப் பரிந்துரைப்படி, கற்றுக்கொள்பவர்கள் 2500 அடிக்குள் முடிவெடுத்துவிட வேண்டும்.

கழற்றி விடுவது என்றால் முன்பெல்லாம் பெரிய பாடு. இரண்டு தோளிலும் தனித்தனிக் கொக்கி. சுற்றுகிற சுற்றில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். 1970களின் நடுவில் பில் பூத் என்ற அமெரிக்கர் மூன்று வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒரு பூட்டு செய்தார். ஓர் ஆளின் மொத்த எடையைத் தாங்கும். வலப்பக்கப் பிடியை ஒரே இழுப்பு இழுத்தால் இரண்டு பக்கமும் விட்டுப்போகும். பிறகு இடப்பக்கப் பிடி. மாற்றுப் பாராசூட் வெளியே. இரண்டு கைப்பிடி, இரண்டு இழுப்பு.

இதையும் செய்ய முடியாமல் போனால்? 1991ல் ஜெர்மனியின் ஹெல்முட் க்ளோத் ஒரு கருவி கொண்டுவந்தார். சைப்ரஸ். சுமார் 750 அடி உயரத்தில், மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் தானாகவே மாற்றுப் பாராசூட்டைத் திறக்கும். எத்தனையோ பேர் பிழைத்தார்கள். ஆனால் விங்சூட்காரன் நன்றாகப் பறந்தால் அவன் இறங்கும் வேகம் அதைவிடக் குறைவு! கருவி என்ன நினைக்கும்? பாராசூட் விரிந்துவிட்டது போல என்று சும்மா இருந்துவிடும். திறமை கூடக் கூடக் காவலாளி தூங்கிவிடுகிறான். அதனால்தான், சாதாரணப் பாராசூட்டில் குறைந்தது 200 முறை குதித்து அனுபவம் இல்லாதவர்கள் விங்சூட்டைத் தொடக்கூடாது என்கிறது அதே சங்கம். விமானத்தைவிட்டு இறங்கிய உடனே இறக்கையை விரிக்காதே, வாலில் இடிப்பாய் என்பதும் பாடத்தில் உண்டு. வாலந்தன் இருந்தால் தலையாட்டியிருப்பார்.

மூன்று வளைய பூத், விதி மாதிரி ஒரு விஷயம் சொல்லுவார். சாதனங்கள் எவ்வளவு பாதுகாப்பாகின்றனவோ, அவ்வளவுக்கு மனிதர்கள் கூடுதல் ஆபத்தைத் தேடிப் போவார்கள். சாவுக் கணக்கு மட்டும் மாறாது. விங்சூட்டில் அது அப்படியே நடந்தது. விமானத்திலிருந்து குதிப்பது அலுத்துப்போய் மலை உச்சிக்குப் போனார்கள். பாறையை உரசிக்கொண்டு பறந்தார்கள். அங்கே இருப்பது ஒரே ஒரு பாராசூட். மாற்று கிடையாது. முறுக்கினால் எடுக்க உயரமும் கிடையாது. எதிரே பாறை.

பாராசூட்டே வேண்டாம் என்று முடிவு செய்தவரும் உண்டு. 2012, மே 23. இங்கிலாந்தில் கேரி கானரி ஹெலிகாப்டரிலிருந்து விங்சூட்டோடு குதித்து, பாராசூட்டைத் திறக்காமல் நேராகத் தரையிறங்கினார். பிழைத்தார். கீழே 18,600 அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். ஒரு பாராசூட் செய்கிற வேலையைச் செய்ய அத்தனை பெட்டி தேவைப்பட்டது.

அட்டைப்பெட்டி அடுக்க முடியாதவர்கள் பயிற்சிக்கூடத்துக்குப் போகிறார்கள். உத்தரத்திலிருந்து பட்டையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். மேலே பார். உயரம் பார். வலது பிடி. இடது பிடி. மீண்டும் முதலிலிருந்து. கை தானாகப் போகும்வரை விடமாட்டார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆகாயத்தில் பறக்க வந்தவன் கூடத்தில் ஊஞ்சலாடிக்கொண்டிருப்பான்.

சிரிக்கட்டும். ரைஷெல்டும் சோனும் வாலந்தனும் எப்படிப் பறப்பது என்று வருஷக்கணக்கில் யோசித்தவர்கள். இவன் அதற்கு முன்னால், எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொண்டிருக்கிறான்.