களர்மண்ணும் வெள்ளாடையும்

புறநானூற்றின் 311ஆம் பாடலில் ஒரு சலவைப்பெண் வருகிறாள். களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் அவள் நாள்தோறும் வெளுத்த தூய ஆடையை வீரன் ஒருவன் உடுத்தியிருக்கிறான். பாடியவர் ஔவையார். உழவுக்கு உதவாத மண் துணிக்கு உதவியிருக்கிறது. களர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டே அழுக்கை நீக்குகிறது. இன்றைய சலவைச் சோடாவும் அதுவே. நெசவூராகிய குமாரபாளையத்தில் இப்பாடலை வாசிக்கையில், அவ்வுறவு இன்று தலைகீழாகிவிட்டதை எண்ணாதிருக்க இயலவில்லை.

களரையும் உவரையும் நாம் ஒன்றாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். இரண்டும் வேறு. உவர்நிலத்தில் கரையும் உப்பு மிகுதி. மேலே வெண்மையாகப் பூத்துக் கிடக்கும். களர்நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்துளைகளை அடைத்துவிடும். பெய்த மழை இறங்காது தேங்கும்.

மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. 1950களில் அமைந்த அதன் கிழக்குக்கரைக் கால்வாய் இப்பகுதிக்குப் பாசனம் தந்தது. ஆயினும் எந்தப் பாசனத்துக்கும் வடிகால் துணை வேண்டும். தாழ்ந்த வயலில் கசிவுநீர் தங்கினால் நிலத்தடி நீர் மேலேறும். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு மட்டும் எஞ்சும்.

இது நீரால் வரும் கேடு. சாயத்தால் வருவது இன்னொன்று. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்கு மிகுதியாக உப்பு சேர்க்கின்றனர். சாயம் நூலில் தங்கும். உப்பு கழிவுநீரோடு வெளியேறும். இதன் முடிவைக் காண நொய்யலுக்குச் சென்றால் போதும். பாசனத்துக்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. குமாரபாளையத்துச் சாயப்பட்டறைகளின் கழிவு கலப்பதோ காவிரியிலேயே.

களர்நிலத்தைத் திருத்த வழி உண்டு. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்கும். பின்னர் நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழ வேண்டும். களரைத் தாங்கி விளையும் திருச்சி 1 போன்ற நெல் வகைகளும் உள்ளன.

இவை அனைத்துக்கும் அடிப்படை இரண்டு: நல்ல நீர், அது வடிந்தோட ஒரு வழி. பாய்ச்சும் நீரே உப்பைக் கொணருமானால் எத்தனை மூட்டை ஜிப்சம் இட்டும் பயனில்லை. அன்று களர் ஆடையை வெளுத்தது. இன்று ஆடை வயலைக் களராக்குகிறது. நெசவும் உழவும் ஒரே ஆற்றை நம்பி வாழும் ஊரில், இக்கணக்கை உழவன் மட்டும் தீர்ப்பது முறையாகுமா?