நாயகன் படமும் நம்ம ஊரும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் பொறுமையாக உட்கார்ந்த மாதிரி கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் டூ படிக்கும் என் பேரனோடு உட்கார்ந்து 'நாயகன்' பார்த்தேன். 1987 தீபாவளிக்கு வந்த படம். மணிரத்னம் இயக்கம், கமல்ஹாசன் நடிப்பு, இளையராஜா இசை. நடிப்புக்குக் கமலுக்கும், ஒளிப்பதிவுக்கு பி.சி.ஸ்ரீராமுக்கும், கலைக்குத் தோட்டா தரணிக்கும் தேசிய விருது கிடைத்தது. 2005-இல் டைம் பத்திரிகை உலகின் சிறந்த நூறு படங்கள் என்று போட்ட பட்டியலிலும் இடம்பிடித்தது. நாம் பார்த்த தாராவியில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட் என்றால் பேரன் நம்ப மறுக்கிறான்.

பாதிப் படத்தில் அவன் கேட்டான்: "அம்மாயி, இவரு எதுக்கு எல்லாத்தையும் தானே செய்யறாரு? போலீஸ்ல போய் சொல்ல வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. அதற்கு வரலாற்றில்தான் பதில் இருக்கிறது.

தாராவிக்குத் தமிழர்கள் போனது பத்தொன்பதாம் நூற்றாண்டில். திருநெல்வேலிப் பக்கத்து ஏழைகள் தோல் பதனிடும் தொழிலுக்காகப் போனார்கள். பிறகு ஊரில் பிழைக்க வழியில்லாத ஆயிரக்கணக்கானவர்கள் ரயில் ஏறினார்கள். பம்பாய்க்கு அவர்கள் உழைப்பு வேண்டியிருந்தது, ஆனால் அவர்களுக்கு வீடோ தண்ணீரோ பட்டாவோ கொடுக்க மனம் வரவில்லை. 1949-இல் அங்கே மதுவிலக்குச் சட்டம் வந்ததும் கள்ளச்சாராயம் பெரிய வியாபாரமாகிவிட்டது. விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார் அந்த வியாபாரத்தில்தான் வளர்ந்தார். வேலு நாயக்கர் பாத்திரத்துக்கு மூலம் அவர்தான். மாட்டுங்காவில் அவர் நடத்திய கணபதி விழா பெரிய பேர் பெற்றது. எண்பதுகளில் காவல்துறை நெருக்கியதும் சென்னைக்கு வந்துவிட்டார். படம் வெளியானபோது உயிரோடுதான் இருந்தார். 1988-இல் காலமானார்.

1966-இல் சிவசேனை தொடங்கியபோது அவர்களுடைய முதல் கோபம் தென்னிந்தியர்கள் மேல்தான். 'மதராசி', 'லுங்கிவாலா' என்று ஏளனம் செய்தார்கள். நம் வேலையைப் பறிக்க வந்தவன், குற்றவாளி, அழுக்குப் பிடித்தவன் என்று பேசினார்கள். உடுப்பி ஓட்டல்களைத் தாக்கினார்கள். அங்கே அன்று நாம்தான் வந்தேறிகள்.

இனி படத்துக்கு வருகிறேன். வேலுவின் அப்பா ஒரு தொழிற்சங்கத் தலைவர். பையனை வைத்தே அவரைக் கண்டுபிடித்துப் போலீஸ் சுட்டுவிடுகிறது. பம்பாயில் அவனை எடுத்து வளர்த்த உசேன் பாயையும் இன்ஸ்பெக்டர் கேல்கர்தான் கொல்கிறான். குடிசைகளை இடிக்க ஆள் அனுப்புகிறார் சேட். அங்கே போய்ச் சொல்ல ஆளே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் வேலு நாயக்கர் உருவாகிறார்.

அவர் செய்த கொலைகளை நான் நியாயப்படுத்தவில்லை. படமும் அதைச் செய்யவில்லை. மனைவி போனாள், மகன் போனான், மகள் வெறுத்து விலகினாள். கடைசியில் கேல்கரின் மகன் கையாலேயே சாகிறார். நாலு பேருக்கு நல்லது என்ற அந்த வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஆசிரியையாக என்னை உலுக்கியது நீலா வருகிற இடம். விபசார விடுதியில் விற்கப்பட்ட பள்ளிக்கூடப் பெண். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்று கேட்கிறாள். அன்று எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதே நாட்களில் என் வகுப்பிலேயே ஒரு பையன் இருந்தான்.

1987-இல் எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. திருப்பூரின் பனியன் ஏற்றுமதி அப்போது வளர ஆரம்பித்திருந்த காலம் (இன்று 30,000 கோடி ரூபாய்க்கு மேல்). மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் தங்கினார்கள். ஏழாம் வகுப்பில் படித்த அவனும் அப்படி வந்தவன்தான். கணக்கில் கெட்டிக்காரன். ராத்திரி பனியன் கம்பெனியில் கைமடி வேலை, பகலில் வகுப்பில் தூக்கம். தீபாவளி லீவு முடிந்து, நாயக்கர் மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தான். படிக்கிற பையனுக்குச் சினிமா கேட்குதா என்று பிரம்பால் அடித்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அவன் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். நான் போய்க் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, என் பணி நிறைவு விழாவுக்கு வந்தான். "டீச்சர், நீங்க அடிச்சதுனால நான் நிக்கலைங்க. வீட்டுல அப்ப அரிசி இல்லீங்க" என்றான். ஒருமுறை மூன்று வாரக் கூலியைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்களாம். சங்கத்துக்காரர் ஒருவர் கூடவே வந்து பேசி வாங்கித் தந்தாராம். "அன்னைக்கு அவரு வரலைன்னா நான் வேற யாரு பின்னாடியாவது போயிருப்பேனுங்க" என்று சிரித்தான். 1984-இல் பஞ்சப்படிக்காக நான்கு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. சொல்லி அழ ஒரு இடம் இருந்ததால் அவன் தப்பினான். அந்த இடம் பள்ளிக்கூடமாக இருந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இதை இன்று எழுதக் காரணம், நம் குடும்பக் குழுவில் வந்த ஒரு செய்தி. "வடக்கனுக்கு வீடு குடுக்காதீங்க, எல்லாம் திருட்டுப் பசங்க" என்று ஒருவர் அனுப்ப, பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களைப் பற்றி நாம் பேசுவது, அறுபதுகளில் பம்பாய் நம்மைப் பேசிய அதே பேச்சு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கிறதா? பீகார் அரசின் குழு நம் திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனது. நம் மேல் பொய் சொன்னபோது நமக்கு எவ்வளவு வலித்தது!

அவர்களில் திருடனே இல்லை என்று சொல்லவில்லை. எந்த ஊர்க்காரனிலும் உண்டு. ஆனால் கூலி பாக்கி என்றால் எங்கே போவது, அடிபட்டால் யாரிடம் சொல்வது என்று தெரியாத ஆயிரம் பேரை ஒரு ஊரில் வைத்திருந்தால், அவர்களுக்கும் ஒரு நாயகன் கிளம்புவான். அவனை அந்த ஊர்தான் உண்டாக்குகிறது. இதைத்தான் பேரனிடம் சொன்னேன்.

யூனிட் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்களிடம் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று இந்த வாரம் கேளுங்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளை இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். தலைமையாசிரியரிடம் நானே கூட வந்து பேசுகிறேன். இந்த முறை இரண்டு தெரு நடக்க நான் தயார்.

தகவலில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்