சோதனை அறையா, வகுப்பறையா?

நான்காம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க முடியாத பிள்ளைக்கு என்ன சிக்கல் என்று கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் பிள்ளையைத் தனியறையில் உட்காரவைத்து நுண்ணறிவுச் சோதனையும் அடைவுச் சோதனையும் நடத்துவார்கள். இரண்டு மதிப்பெண்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவார்கள். இரண்டாவது வழியில் முதலில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குப் பிள்ளை எவ்வளவு முன்னேறுகிறது என்று வாரந்தோறும் பார்ப்பார்கள். வசதிக்காக முன்னதை இடைவெளி முறை என்றும் பின்னதைப் பலன் பார்க்கும் முறை என்றும் அழைக்கலாம். இரண்டும் சட்டமாக வேர்விட்டது அமெரிக்காவில். அவற்றுக்கிடையே வழக்கு மூண்டதும் அங்கேதான்.

இடைவெளி முறைக்கு வயது அதிகம். சாமுவேல் கிர்க் 1963ல் சிகாகோவில் பெற்றோர் கூடிய மாநாட்டில் 'கற்றல் குறைபாடு' என்ற பெயரைப் பரவச் செய்தார். 1975ல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கென அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1977ல் வந்த அதன் விதிகள், அறிவுத்திறனுக்கும் அடைவுக்கும் இடையே கடுமையான இடைவெளி இருக்க வேண்டும் என்றன. கடுமை என்றால் எவ்வளவு? அதை மாநிலங்களிடம் விட்டுவிட்டார்கள். கலிஃபோர்னியா ஒன்றரைத் திட்டவிலக்கம் கேட்டது, அதாவது ஏறக்குறைய 22 புள்ளி. வேறு சில இடங்களில் 15 போதும். குடும்பம் வீடு மாற்றினால் பிள்ளையின் குறைபாடு லாரியிலிருந்து இறங்கும் முன்பே காணாமல் போகக்கூடும்.

ஆனாலும் இந்த முறை செய்த நன்மையை மறுக்க முடியாது. "படிக்க வராதவன் மக்கு" என்று வகுப்பறை தீர்ப்பெழுதிய காலத்தில், அறிவு வேறு, வாசிப்பு வேறு என்று எண்களால் காட்டியது இதுதான். பல பெற்றோருக்குக் கையில் ரிப்போர்ட் வந்த அன்றுதான் பிள்ளையை அடிப்பது நின்றது.

சிக்கல் கணக்கிலேயே இருக்கிறது. எந்தச் சோதனை மதிப்பெண்ணிலும் சில புள்ளிகள் அளவைப் பிழை உண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அந்தப் பிழைகள் சேர்ந்து பெரிதாகின்றன. இன்று 23 வந்த பிள்ளைக்கு அடுத்த மாதம் 18 வரலாம். பிள்ளையிடம் எதுவும் மாறியிருக்காது. இதைவிடப் பெரிய பழுது, நுண்ணறிவுச் சோதனையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். வெக்ஸ்லர் சோதனையில் சொல்வளம், பொது அறிவு, சொன்ன எண்களை மனத்தில் வைத்துத் திருப்பிச் சொல்வது என்று பகுதிகள் உள்ளன. படிக்காத பிள்ளைக்குச் சொல்வளம் எங்கிருந்து சேரும்? எண்களை நினைவில் நிறுத்துவதோ டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலருக்கு இயல்பாகவே தடுமாறும் இடம். ஆக, எந்தக் குறையைத் தேடுகிறோமோ அதே குறை நுண்ணறிவு மதிப்பெண்ணையும் கீழே இழுக்கிறது, இடைவெளி சுருங்குகிறது, பிள்ளைக்கு உதவி மறுக்கப்படுகிறது. ஆண்டுகள் போகப்போக இந்த இழுப்பு கூடும். இன்னொரு பக்கம், ஆறு வயதில் எல்லாரும் எழுத்துக் கூட்டும் கட்டத்தில் இருப்பதால் இடைவெளி தெரியாது. போதுமான அளவு தோற்றுவிட்டு மூன்றாம், நான்காம் வகுப்பில் வா என்று இந்த முறை காத்திருக்க வைக்கிறது.

லிண்டா சீகல் 1989லேயே கற்றல் குறைபாட்டின் வரையறைக்கு நுண்ணறிவு எண் தேவையில்லை என்று வாதிட்டார். இடைவெளி உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் திணறுகிறார்கள் என்று பின்னர் வந்த தொகுப்பாய்வுகளும் காட்டின. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு இடைவெளி நிபந்தனையைக் கைவிட்டது.

பொதுமக்கள் மனத்தில் மட்டும் அது அசையாமல் இருக்கிறது. 2007ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துச் சிறுவனை நினைத்துப் பாருங்கள். எழுத்து வராது, ஓவியம் அபாரமாக வரும். இடைவெளி முறைக்கு அவனைவிடப் பொருத்தமான நாயகன் கிடைக்கமாட்டான். எழுத்தும் வராது, தூரிகையும் வராது என்றிருக்கும் பையனுக்காக அரங்கு அழுதிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது முறைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 2004ல். இடைவெளி இருந்தே தீர வேண்டும் என்று மாநிலங்கள் வற்புறுத்தக் கூடாது, ஆய்வில் தேறிய கற்பித்தலுக்குப் பிள்ளை எப்படிப் பலன் காட்டுகிறது என்பதையும் பார்க்கலாம் என்றது அந்தச் சட்டத்தின் திருத்தம். இதன் கருவியை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டீனோவும் அவர் குழுவும் முன்பே உருவாக்கியிருந்தார்கள். பாடத்திலிருந்து ஒரு பத்தி, ஒரு நிமிடம், சரியாகப் படித்த சொற்கள் எத்தனை; அவ்வளவுதான். வாரந்தோறும் ஒரு புள்ளி வைத்தால் கோடு மேலே போகிறதா, படுத்திருக்கிறதா என்று ஆசிரியருக்கே தெரியும். எல்லாருக்கும் நல்ல பாடம், பின்தங்குவோருக்குச் சிறுகுழுவில் கூடுதல் பயிற்சி, அப்போதும் நகராதவர்களுக்குத் தனிப்பயிற்சி என்று மூன்று அடுக்கு. பிள்ளை தோற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; முதல் வகுப்பிலேயே தொடங்கலாம்.

இந்த முறை சோதிப்பது பிள்ளையை மட்டுமல்ல, பாடத்தையும். அதன் அழகும் ஆபத்தும் அங்கேதான். கற்பித்தல் சொத்தையாக இருந்தால் வகுப்பில் பாதிப்பேர் 'பலன் காட்டாதவர்கள்' ஆகிவிடுவார்கள். அமெரிக்க அரசு நடத்தி 2015ல் வெளிவந்த மதிப்பீடு ஒன்றில், வெட்டுக்கோட்டுக்குச் சற்றே கீழே இருந்ததால் கூடுதல் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட முதல் வகுப்புப் பிள்ளைகள், கோட்டுக்குச் சற்றே மேலே இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கினார்கள். டெக்சஸில் நடந்தது இன்னும் மோசம். சிறப்புக் கல்வியில் 8.5 சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்பதுபோல் அந்த மாநிலம் ஓர் இலக்கு வைத்திருந்ததை 2016ல் ஹூஸ்டன் நாளிதழ் அம்பலப்படுத்தியது. அங்கே பல பள்ளிகளுக்கு 'இன்னும் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறோம்' என்பது முறையான பரிசோதனையைத் தள்ளிப்போடும் சாக்காக இருந்தது. மாநிலம் சட்டத்தை மீறியது என்று 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித்துறை சொன்னது. இடைவெளி முறை தோற்கும்வரை காத்திருக்க வைத்தது என்றால், இது தோற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

இந்தியா இந்த வழக்கில் எந்தப் பக்கம்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது பெரிய முன்னேற்றம். ஆனால் 2018 ஜனவரியில் வந்த சான்றளிப்பு வழிகாட்டி, மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் சலித்தெடுத்த பிள்ளைக்கு முதலில் நுண்ணறிவுச் சோதனை, அதில் 85க்கு மேல் வந்தால்தான் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் சோதனைத் தொகுதி என்று வாசல் கட்டியது. மற்றவர்கள் கழற்றி வைத்த கதவை நாம் வாங்கிப் பொருத்திக்கொண்டோம் என்றே எனக்குப் படுகிறது. அந்த வழிகாட்டியின் கணக்கில் 70க்குக் கீழே அறிவுசார் குறைபாடு. 85க்கு மேலே கற்றல் குறைபாடு. இயல்நிலைப் பரவல்படி இவ்விரண்டுக்கும் நடுவே விழுபவர்கள் சுமார் 13.6 சதவீதம். அவர்களுக்குப் பள்ளியில் 'ஸ்லோ லேர்னர்' என்ற பெயர் கிடைத்தது, சான்றிதழ் கிடைக்கவில்லை.

மொழி வேறு குறுக்கே நிற்கிறது. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மந்தபுத்தி வகுப்பில் தள்ளியதற்கு எதிராகக் கலிஃபோர்னியாவில் டயானா வழக்கு தொடரப்பட்டது. தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று 1970ல் உடன்பாடானது. இங்கே வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் முதல் தலைமுறை மாணவருக்கு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து அளந்தால் அளக்கப்படுவது எது? தேசிய மூளை ஆய்வு மையம் இந்திய மொழிகளுக்கென்றே உருவாக்கிய 'டாலி' கருவி 2015ல் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில் வந்தது; அந்த முதல் வரிசையில் தமிழ் இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நிமிடச் சொற்கணக்கையும் அப்படியே எடுத்தாள முடியாது. விகுதிகள் ஒட்டி நீளும் நம் சொல் ஒன்று ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களுக்குச் சமம். எழுத்தெண்ணிக்கையில் வேண்டுமானால் கணக்கிடலாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் வகுப்பறைப் பக்கம்தான் நிற்பேன், ஒரு கெடுவோடு. இத்தனை வாரம் பயிற்சி, அதற்குள் கோடு எழவில்லையென்றால் அடைவுச் சோதனையும் காது, கண், குடும்ப வரலாறு பார்ப்பதும் உடனே நடக்க வேண்டும். நுண்ணறிவுச் சோதனை, அறிவுசார் குறைபாடு இருக்குமோ என்ற ஐயம் எழும் பிள்ளைக்கு மட்டும் போதும். தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் பெறச் சான்றிதழ் வேண்டும் என்பதால் சோதனை அறையை முழுக்க மூடிவிட முடியாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் பல குடும்பங்கள் முதன்முறையாக அந்த அறைக்கே வருகின்றன.

தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தது. கற்றல் குறைபாட்டைக் கண்டறிவது அதன் நோக்கமல்ல. ஆனால் மூன்றாம் வகுப்புக்கு வந்தும், நிலைக்கேற்ற பாடம் கிடைத்தும், அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார் என்று ஆசிரியருக்குத் தெரியும். அந்தப் பெயர்களை எந்த மாதத்துக்குள் யாரிடம் அனுப்புவது, அவற்றைப் பெறும் அலுவலர் எத்தனை நாளில் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும் என்ற இரண்டு வரி ஆணைக்குப் புதிய சோதனை எதுவும் வேண்டியதில்லை.