ஒரே ஜனாதிபதி, இரண்டு பதவிக்காலங்கள்

மஹிந்த ராஜபக்ஷவின் இரண்டு பதவிக்காலங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மனிதர் மாறியதைவிட அவரைச் சுற்றியிருந்த வேலிகள் விழுந்ததே பெரிதாகத் தெரியும்.

2005இல் அவர் எடுத்தது 50.29 வீதம். ஏறத்தாழ 1,80,000 வாக்குகளால் வந்த வெற்றி. ஜே.வி.பி.யும் ஹெல உறுமயவும் தோள் கொடுத்தே கதிரை கிடைத்தது. ஆகவே பலரையும் சமாளித்துத்தான் நகர வேண்டியிருந்தது. அதற்காக அது பொற்காலமல்ல. வன்னியில் மாண்ட பொதுமக்களும், 2009 ஜனவரியில் கொல்லப்பட்ட லசந்த விக்கிரமதுங்கவும் அந்தக் காலத்துக் கணக்குத்தான்.

2010இல் யுத்த வெற்றியோடு 57.88 வீதம். அதே செப்டெம்பரில் 18ஆவது திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியது. இரு தவணை வரம்பு நீங்கியது. ஏற்கெனவே செயலிழந்திருந்த அரசியலமைப்புப் பேரவை சட்டத்திலிருந்தே அழிந்தது. ஆணைக்குழுக்களை நியமிக்கும் அதிகாரம் ஜனாதிபதியிடம் போனது. எதிரணியில் நின்று வென்ற முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்களும் அதற்குக் கையுயர்த்தினார்கள்.

2013இல் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நீக்கப்பட்டார். 2014 ஜூனில் அளுத்கமயிலும் பேருவளையிலும் எங்கள் வீடுகள் எரிந்தன. திருத்தம் நிறைவேறி நான்கு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

மூன்றாம் தவணைக்காக வரம்பை நீக்கியவர், பதவிக்காலம் முடிய ஏறத்தாழ இரண்டு வருடம் இருக்கும்போதே தேர்தல் வைத்து, 2015 ஜனவரி 8இல் தன் கட்சிச் செயலாளராக இருந்த மைத்திரிபாலவிடமே தோற்றார்.

நல்ல தலைவரைத் தேடுவதில் காட்டும் அக்கறையை, எந்தத் தலைவரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் காப்பதிலும் காட்டுவோம். சிறுபான்மைக்கு அதைவிட வேறு பாதுகாப்பில்லை.