இறுதி ஆட்டத்தில் இல்லாத அணித்தலைவர்

ஓசூர் மூன்று மொழிகளின் ஊர். கடைத்தெருவில் தமிழில் தொடங்கும் பேரம் தெலுங்கில் வளர்ந்து கன்னடத்தில் முடிவது அங்கே யாருக்கும் வியப்பளிப்பதில்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் வேறு மொழிகளும் வந்து சேர்ந்தன. அண்மைக் காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகக் கடைவீதிக்கு வரும் இளம்பெண்களின் பேச்சில் முண்டாரியும் சாத்ரியும் கலந்து ஒலிக்கின்றன. 2022 நவம்பர் 15 அன்று, பிர்சா முண்டாவின் பிறந்தநாளில், ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஓர் அறிவிப்பைச் செய்தார். ஓசூரில் உருவாகும் ஐஃபோன் ஆலையில் 60,000 பேர் பணிபுரியப் போகிறார்கள் என்றும், அவர்களில் முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் வட்டாரப் பழங்குடிப் பெண்கள் என்றும் அவர் கூறினார்.

அந்தப் பெண்களின் மண்ணிலிருந்து வந்த ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் ஜெய்பால் சிங் முண்டா. ஒலிம்பிக்கில் இந்தியா முதல் ஹாக்கித் தங்கம் வென்றபோது அணியின் தலைவர் அவர். நம் பள்ளிப் பாடங்கள் தியான்சந்தைத் தந்தன, இவரைத் தரவில்லை.

1903இல், இன்றைய ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முண்டா குடும்பத்தில் பிறந்தவர். ராஞ்சி மிஷன் பள்ளியில் படித்தார். அங்கிருந்த பாதிரியார் ஒருவர் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றார், ஹாக்கியில் பெயர் பெற்றார், ஐ.சி.எஸ். பணிக்கும் தேர்வானார். இந்தத் தருணத்தில்தான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமையேற்க அழைப்பு வந்தது. விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் ஆடப் போனார், ஐ.சி.எஸ். கைவிட்டுப் போயிற்று. அக்கால இந்தியனுக்கு எட்டக்கூடிய ஆகப்பெரிய பதவியை ஒரு விளையாட்டுக்காக இழக்கத் துணிந்தவர் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இந்திய அணி அந்த ஒலிம்பிக்கில் 29 கோல்கள் அடித்தது; ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஆனால் மே 26 அன்று நெதர்லாந்தை 3-0 என வென்ற இறுதி ஆட்டத்தில் அணித்தலைவர் களத்தில் இல்லை. மேலாளருடன் ஏற்பட்ட பூசலால் முன்னதாகவே விலகிவிட்டார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் ஒரு குறிப்பைப்போல் இந்தச் சம்பவம் எனக்குத் தோன்றுவதுண்டு.

பின்னர் எண்ணெய் நிறுவன உத்தியோகம், ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் ஆசிரியப் பணி, பிக்கானேர் சமஸ்தானத்தில் பதவி என்று வாழ்ந்தவர் 1939 ஜனவரியில் ராஞ்சியில் கூடிய ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். மக்கள் அவரை 'மராங் கோம்கே' என்றழைத்தனர். பெருந்தலைவர் என்று பொருள்.

ஆட்டக்காரர் அரசியலுக்கு வருவது அன்றும் புதிதல்ல. தலித் சமூகத்திலிருந்து எழுந்த மாபெரும் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு, 1937இல் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார். அங்கே ஆட்டக்காரரின் புகழ் கட்சிக்குப் பயன்பட்டது. ஜெய்பால் தம் புகழை எந்தப் பெருங்கட்சிக்கும் அன்று தரவில்லை. அரசியல் நிர்ணய சபையில் அவர் தனித்து நின்ற குரல்.

1946 டிசம்பர் 19 அன்று அச்சபையில் ஆற்றிய உரை இன்றும் படிக்கத்தக்கது. 'ஜங்லி' என்று இகழப்படும் பெயரைப் பெருமையுடன் ஏற்றுக்கொண்டார். பழங்குடியினருக்கு ஜனநாயகத்தைக் கற்றுத்தர முடியாது, அவர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். சபையில் ஆண்கள் மிகுந்திருக்கிறார்கள், பெண்கள் இன்னும் வேண்டும் என்றும் அதே உரையில் கேட்டார். 1948இல், மொழிபெயர்ப்புகளில் 'வனஜாதி' என்றிருப்பதை மறுத்து, 'ஆதிவாசி' என்ற சொல்லையே கோரினார். அச்சொல்லுக்குத் திட்டவட்டமான சட்டப்பொருள் இல்லை என்றார் அம்பேத்கர். இருவர் நிலையிலும் நியாயமிருந்தது. அரசியலமைப்பில் அந்தச் சொல் இடம்பெறவில்லை.

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பிகார் சட்டமன்றத்தில் 32 இடங்களை வென்று இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. ஆனால் 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தனி மாநிலக் கோரிக்கையை ஏற்கவில்லை. 1962இல் இடங்கள் 20ஆகக் குறைந்தன. 1963இல் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தார். ஐ.சி.எஸ்.ஸை விடத் துணிந்தவருக்குத் தனித்து நிற்பதைத் தொடர முடியவில்லை. இதைத் துரோகம் என்பாரும் உண்டு. எனக்கு அது களைப்பாகத் தெரிகிறது. ஒற்றை மனிதரின் துணிவால் ஓர் ஆட்டத்தை இழக்கவோ வெல்லவோ முடியும். கால் நூற்றாண்டு அரசியலைத் தாங்க அது போதாது. 1970 மார்ச் 20 அன்று அவர் மறைந்தார். ஜார்க்கண்ட் மாநிலம் 2000 நவம்பர் 15 அன்று பிறந்தது. இரண்டாம் முறையும் இறுதி ஆட்டத்தில் தலைவர் இல்லை.

மீண்டும் ஓசூருக்கு வருவோம். குந்தியும் ராஞ்சியும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள். அங்கே ஆதிவாசி நிலத்துக்கென்று தனிக் காப்பு உண்டு. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஒன்றுகூட இல்லை. தொழிற்பேட்டையிலிருந்து சற்றுத் தொலைவில், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்காடுகளை ஒட்டி வாழும் இருளர்களுக்கு அந்த அட்டவணையின் காப்பு கிடையாது. அவர்களிடமிருந்து ஜெய்பாலைப்போல் சபையேறிப் பேசியவர் ஒருவரை நான் அறியேன். வடக்கிலிருந்து வந்த பெண்களோ, ஊரில் வாக்காளர்கள், இங்கே தொழிலாளர்கள். வாக்கில்லாத இடத்தில் வேட்பாளர் யாரும் அவர்களைத் தேடி வருவதில்லை.

ஓசூர்க் கடைவீதியில் வளையல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்களில் சிலர் சொந்த ஊரில் ஹாக்கி மட்டை பிடித்தவர்களாக இருக்கக்கூடும். குந்தியும் சிம்டேகாவும் இன்றும் ஹாக்கியின் விளைநிலங்கள். சபையில் பெண்கள் வேண்டும் என்று 1946இல் ஜெய்பால் கேட்டது இவர்களின் பாட்டிமாருக்காக. அந்தக் கேள்வி அவர்களோடு ரயிலேறி இந்த எல்லையூருக்கும் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.