பதினேழாம் நாள்

1549-இல் ஜப்பானின் ககோஷிமா துறையில் இறங்கிய புனித சவேரியார், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் நம் முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்தவர். இங்கே அவர் விதைத்தது கோயிலும் தேருமாக ஊரறிய வளர்ந்தது. ஜப்பானில் வேதகலாபனை வந்தது. 1587-இல் ஆட்சியாளர் ஹிதேயோஷி குருக்களை வெளியேறச் சொன்னார். 1597-இல் நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவைகளில் கொல்லப்பட்டார்கள். 1614-இல் நாடு முழுவதும் தடை. கிறிஸ்தவக் குடியானவர்கள் திரண்டெழுந்த ஷிமாபாரா கிளர்ச்சியை 1638-இல் ரத்தத்தில் அடக்கியபின் போர்த்துக்கீசியக் கப்பல்களுக்கும் துறைமுகங்கள் மூடப்பட்டன. 1644-இல் கொனிஷி மான்சியோ என்ற ஜப்பானியக் குரு கொல்லப்பட்டதோடு அந்த மக்களுக்குப் பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நாகசாகியைச் சுற்றிய கிராமங்களிலும் தீவுகளிலும் விசுவாசம் அணையாமல் இருந்தது. இதை அற்புதம் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு நகர்வது எளிது. கடவுளின் கிருபையை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிருபை எந்தக் கைகளின் வழியாக வேலை செய்தது என்று பார்க்காமல் போனால் அந்த மக்களுக்கு நாம் அநியாயம் செய்கிறோம். வாக்குறுதியை நம்புவது அவர்களுக்கு ஒரு மனநிலையாக இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரித்துச் செய்த வேலையாக இருந்தது.

நாகசாகியை அடுத்த உரகாமி கிராமத்தைப் பாருங்கள். அங்கே மூன்று பொறுப்புகள் இருந்தன. நாட்காட்டியைக் காத்து, இன்ன நாள் திருநாள், இன்ன நாள் ஒருசந்தி என்று கணித்துச் சொல்பவர் ஒருவர். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் மற்றொருவர். அந்த வாரத்துச் செய்தியை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் மூன்றாமவர். மூன்றும் குடியானவர்கள் வகித்த பொறுப்புகள். அந்த நாட்காட்டி 1634-ஆம் ஆண்டின் திருச்சபைத் திருநாட்களை ஜப்பானிய மாதங்களுக்குப் பொருத்தி எழுதியது. பாஸ்தியான் என்ற உபதேசியார் விட்டுச்சென்றது என்பது அவர்களுடைய மரபு. அவர் சாகுமுன் ஒரு வாக்கும் கொடுத்தாராம்: ஏழு தலைமுறை கழிந்தபின் பெரிய கறுப்புக் கப்பல்களில் குருக்கள் வருவார்கள், வாரந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், எங்கே வேண்டுமானாலும் உரக்கப் பாடலாம். என்றோ ஒருநாள் விடியும் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், எண்ணக்கூடிய ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எண்ணவேண்டுமென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணுகிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இந்த வாக்கு வாய்மொழி மரபுதானே, குருக்கள் வந்து சேர்ந்தபின் அதற்கேற்பத் தீட்டப்பட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் எண்ணிக்கை தவறவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் வழிபாட்டுக்காக நாகசாகியில் ஓவுரா கோயில் கட்டி முடித்த சில வாரங்களில், 1865 மார்ச் 17 அன்று, உரகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் அங்கே வந்தார்கள். பெத்தித்ஜான் என்ற குருவிடம் ஒரு பெண் நெருங்கி, தங்கள் நெஞ்சமும் அவருடையதும் ஒன்றே என்று மெல்லச் சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார். பேச்சின் நடுவே, இப்போது துக்க காலத்தின் பதினேழாம் நாளில் இருக்கிறோம் என்றும் அவர்கள் சொன்னதாகக் குரு எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆண்டு விபூதிப் புதன் மார்ச் 1. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், மார்ச் 17 தவக்காலத்தின் பதினேழாம் நாள்தான். ரோமாபுரியோடு ஒரு தொடர்பும் இல்லாத விவசாயிகள், சந்திர மாதக் கணக்கை வைத்துக்கொண்டு, ரோமாபுரியோடு ஒரே நாளில் நின்றார்கள். பின்னால் புனைந்த கதையில் வாசகம் மெருகேறும். இந்த நாள்கணக்கு அப்படி வந்ததல்ல.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அதிகாரிகள் முன்னிலையில் கிறிஸ்துவின் உருவத்தையோ மாதாவின் உருவத்தையோ காலால் மிதித்தவர்கள்தானே இவர்கள், மறைந்து வாழ்ந்தது எப்படி நிலைத்து நிற்றலாகும்? நிஷிசாகாவின் வேதசாட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இந்தக் கேள்வி சுடத்தான் செய்கிறது. ஆனால் மிதித்தது தப்பில்லை என்று அவர்கள் தங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. குரு இல்லாத இடத்தில் உத்தம மனஸ்தாபத்தால் பாவப்பொறுத்தல் பெறலாம் என்று கற்பித்த சிறுநூல் ஒன்று 1603-லேயே ஜப்பானிய மொழியில் வந்திருந்தது. அதைக் கையால் படியெடுத்தும் மனப்பாடம் செய்தும் காப்பாற்றினார்கள். மிதித்துவிட்டு வீடு திரும்பியதும் அந்த மனஸ்தாப செபத்தைத்தான் சொன்னார்கள். கடவுளின் மன்னிப்பு என்ற வாக்குறுதியை அத்தனை நிஜமாக நம்பியவர்களைக் கோழைகள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மூன்று முறை மறுதலித்த பேதுருவைத் திருச்சபை தள்ளிவிடவில்லை.

எண்ணிய காலம் நிறைவேறியதும் சுகம் வந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1867-இல் உரகாமி மக்கள் வெளிப்படையாகவே தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டதும் கைது தொடங்கியது. 1868 முதல் ஏறக்குறைய 3,400 பேர் ஊரோடு பெயர்க்கப்பட்டுப் பல பிரதேசங்களுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். த்சுவானோவில் உறைபனிக் குளத்தில் இறக்கினார்கள், நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டில் அடைத்தார்கள். 600-க்கு மேற்பட்டோர் திரும்பி வரவில்லை. வதை தாங்காமல் மறுதலித்தவர்களும் பலர். வெறும் ஆரூடத்தை நம்பியிருந்த கூட்டமென்றால், ஆரூடம் பலித்த கையோடு இப்படி அடி விழுந்தபோது சிதறிப்போயிருக்கும். 1873-இல் தடைப் பலகைகள் இறக்கப்பட்டபோது பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். மறுதலித்தவர்களில் பலரும் மீண்டும் திருச்சபைக்குள் வந்தார்கள். ஆண்டுதோறும் உருவத்தை மிதிக்க வைத்த ஊர்த்தலைவரின் மனையைச் சில ஆண்டுகளில் விலைக்கு வாங்கி அங்கேயே கோயில் வைத்தார்கள்.

ஆனால் மறைந்து வாழ்ந்தவர்களில் இகிட்சுகி தீவிலும் பிற இடங்களிலும் பலர் குருக்களிடம் வரவே இல்லை; பாட்டன் பூட்டன் செய்த முறையையே தொடர்ந்தார்கள். அது கிறிஸ்தவமே அல்ல, முன்னோர் வழிபாடாகக் கரைந்துவிட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள் சிலர். சடங்குகளை வைத்துப் பார்த்தால் அந்தக் கருத்தில் வலு இருக்கிறது. ஆனால் இடையில் வாழ்ந்து மடிந்த தலைமுறைகளை நான் நினைக்கிறேன். கப்பலைக் காணமாட்டோம் என்று தெரிந்தே அடுத்தவருக்குக் கணக்கை ஒப்படைத்தவர்கள் அவர்கள். வாக்களிக்கப்பட்டதை அடையாமலே விசுவாசத்தில் மரித்தவர்களின் பட்டியல் எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இகிட்சுகிப் படகோட்டியின் பாட்டனும் உரகாமி விவசாயியின் பாட்டனும் அந்தப் பட்டியலில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.